இரண்டு ஸ்பீக்கரும் எங்கள் வீட்டு மூக்கும்

எனக்கு மூக்கு வேலை செய்யாது என்பதை என்னுடைய இருபத்தேழாவது வயதில், பெண் வீட்டார் ஒன்பது பேருக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு மட்டுமல்ல, எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குமே வேலை செய்யாது. கற்பிட்டிப் பக்கம் கடலோரத்தில், கருவாடு காயப்போட்டு விற்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டுவதற்கும் தடிமன் பிடிப்பதற்கும் மட்டும்தான்.

அப்போது நான் புத்தளம் நகரில் ஒரு கடையில் போன் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெனிற்றா சிலாபத்துக்காரி. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின்களைப் பழுதுபார்க்கிற மெக்கானிக். ஒருநாள் கண்ணாடி வெடித்த போனோடு கடைக்கு வந்தாள். அதைத் திருத்த நான் மூன்று நாள் எடுத்தேன். (அரை மணித்தியால வேலை. மிச்சமெல்லாம் அவள் திரும்பவும் திரும்பவும் வரவேண்டும் என்பதற்காக.) இரண்டு வருடத்தில் விஷயம் கலியாணம் வரைக்கும் வந்து, அவளுடைய அப்பாவில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் அரச அலுவலகம் ஒன்றில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேர்ட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. என்னைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தகப்பன் என்ன செய்யிறார்?" ஜெனிற்றா சொன்னாள். "சரி, பெடியன் நல்லவனாவே இருக்கட்டும்" என்றாராம். "ஆனா அந்தக் கருவாட்டு மணத்துக்குள்ள என்ட பிள்ளை போய் இருக்க ஏலாது."

அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு சம்மதம் வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடும்பமாக வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு அப்பா என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு.

புத்தியுள்ளவன் என்றால் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பான். எனக்கு அது போதவில்லை. அவர் எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும்போது என்னைக் கருவாட்டுக்காரனின் மகனாக அல்ல, பெரிய டெக்னீசியனாக நினைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை என் கையாலேயே செய்வது. (இன்றைக்கும் அந்த வழி எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. யூரியூப் பார்த்தது கூடிவிட்டது.)

இணையத்தில் ஒரு செட்டைப் பிடித்தேன். உள்ளே பொருத்துகிற, சத்தம் வருகிற வட்டங்கள், சேர்க்கிட் பலகை, வயர், எட்டுப் பக்க விளக்கத்தாள் எல்லாம் வரும். பெட்டியை நாங்களே செய்துகொள்ளவேண்டும். முந்தல் ஊருக்குப் போய்ப் பலகை வாங்கி வந்தேன். பெட்டி அடிக்க, அக்காவின் புருஷன் அன்ரன் அத்தானைப் பிடித்தேன். அத்தான் ஃபைபர் படகு செய்கிறவர். அவருக்குப் பெட்டி என்றாலும் படகுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. மூலை முடுக்கெல்லாம் ஃபைபர் ஒட்டி, மிஞ்சிய படகுப் பெயின்றால் நீலம் அடித்து, முகப்பில் 'அந்தோனியார் துணை' என்று எழுதியும் விட்டார். ஒரு பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

முன்பக்கம், கீழே, ஒரு தேங்காய் போகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை வைக்கவேண்டும் என்று விளக்கத்தாளில் இருந்தது. அத்தானால் அதைத் தாங்கமுடியவில்லை.

"மச்சான், அடியில ஓட்டையோட ஒரு சாமானும் என்ட கையால வெளியில போனதில்ல. அடைச்சுத் தாறன், சொல்றதைக் கேள்."

"அத்தான், அதாலதான் பேஸ் வரும். பாட்டு அடிக்கேக்குள்ள உள்ளுக்கிருக்கிற காத்து அதால அடிச்சுக்கொண்டு வெளியில வரும்."

"காத்து வந்து என்ன செய்ய?"

அரை மணித்தியாலம் விஞ்ஞானம் படிப்பித்தேன். அன்றைக்கு அந்த மனுசனை ஓட்டையை அடைக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்தது உள்ளே அடைக்கிற நார். பெட்டியின் உட்சுவரில் தடிப்பான நார் விரித்தால்தான் சத்தம் எதிரொலிக்காது என்று போட்டிருந்தது. செட்டோடு அது வரவில்லை. தலையணைப் பஞ்சைக் கேட்டேன். அம்மா அகப்பையோடு வந்தார். அப்போதுதான் அப்பாவின் கொட்டிலில் அடுக்கியிருந்த சாக்குகள் கண்ணில் பட்டன. சணல்தானே, சணலும் நார்தானே!

ஓம், கருவாட்டுச் சாக்கு. ஆனால் நான் ஒன்றும் அவ்வளவு மடையன் இல்லை. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். நாலு நாள் மணலில் வெயில் காட்டினேன். பிறகு முறையாகப் பரிசோதனை நடந்தது. அப்பா மணந்து பார்த்தார். "ஒண்டுமில்ல." அம்மா முகத்தையே உள்ளே விட்டுப் பார்த்தார். "சவுக்கார மணம்தான் அடிக்குது." அக்கா, அத்தான், நான், எல்லோரும் மணந்தோம். ஐந்து மூக்கும் ஒரே குரலில் சாட்சி சொல்லின. வருடக்கணக்காகக் கருவாட்டுக்குள் கிடந்த மூக்குகளிடம் கருவாடு மணக்கிறதா என்று கேட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. ஃபைபர் பசையின் காட்டமான மணம் வேறு பெட்டிக்குள் இரண்டு கிழமை நின்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

ஜெனிற்றா மெக்கானிக் அல்லவா, போனில் நோண்டி நோண்டிக் கேட்டாள்.

"உள்ளுக்கு என்ன அடைச்சீங்க?"

"அது... ஒரு விசேஷமான நார்."

"என்ன நார்?"

"ஜேர்மன் நார்" என்றேன்.

வாயில் எப்படி ஜேர்மனி வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்பே கருவாடு எல்லாம் அத்தானின் வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. முற்றத்துக்குப் பினாயில், அறைகளுக்குச் சாம்பிராணி. போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஸ்பீக்கர் இரண்டையும் காலையிலிருந்தே வாசலில் வெயிலில் வைத்திருந்து, வான் வருகிற நேரம்தான் உள்ளே தூக்கினோம். பெட்டிகள் தொட முடியாத சூடு.

வானிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். ஜெனிற்றாவின் அப்பா படியில் நின்று மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் முகம் கொஞ்சம் இளகியதை நான் கண்ணால் கண்டேன். கதிரையில் இருந்தார், கேக் சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார். "வீட்டை வடிவா வச்சிருக்கிறீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். ஜெனிற்றா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நிமிசத்தில் கதை முடிந்திருந்தால் நான் இந்த உலகத்திலேயே பெரிய வெற்றிக்காரன்.

அவரே கேட்டார். "தம்பி, இதுவா நீங்க செஞ்சது? போடுங்க பாப்பம்."

முதலில் ஒரு மாதா பாட்டுப் போட்டேன். மெதுவான பாட்டு, தெளிவான சத்தம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. உடனே ஒரு பைலா ஆட்டப் பாட்டைப் போட்டு, சத்தத்தை முக்கால்வாசிக்குத் திருப்பினேன். பெட்டி இரண்டும் தும் தும்மென்று இடிக்க, யன்னல் கண்ணாடி அதிர, நான் அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சேர், இந்த ஓட்டையில கிட்டப் பாருங்க. பேஸ் அடிக்கேக்குள்ள காத்து வரும்."

அவர் குனிந்தார். காற்று வந்தது.

ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு மூச்சாக, காலையிலிருந்து வெயிலில் வெந்த காற்று, ஆறு சாக்கின் வரலாற்றையும் சுமந்துகொண்டு அவர் முகத்தில் அடித்தது. அவர் நிமிர்ந்தார். சேர்ட் பைக்குள்ளிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். ஜெனிற்றாவின் அம்மா முந்தானையை எடுத்தார். அவளுடைய சின்னம்மா இருமினார். நான் அவர்கள் எல்லோரும் தாளத்துக்கு அசைகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எங்கிருந்தோ எங்கள் வீட்டுப் பூனை ஓடிவந்து, இடது பக்க ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவியது.

"தம்பி, சத்தத்தைக் குறைங்க!" என்று ஜெனிற்றாவின் அம்மா கத்தினார். "மணம் தாங்க ஏலாது!"

குறைத்தேன். மணமும் குறைந்தது. நிப்பாட்டினேன். மணமும் நின்றது. அப்போதும் எங்கள் அப்பா என் காதில், "என்ன மணமாம் தம்பி?" என்று உண்மையாகவே கேட்டார்.

ஜெனிற்றா எழும்பி வந்தாள். கைப்பையைத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். (மற்றப் பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருப்பார்கள்.) பெட்டியின் முன்னால் முழங்காலில் இருந்து, எட்டு ஸ்குரூவையும் கழற்றி, பெரிய வட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு, உள்ளே கைவிட்டு இழுத்தாள். சாக்கு வந்தது. சாக்கின் நடுவில், மூன்று சவர்க்காரத்துக்கும் அழியாத கறுப்பு மையில், எங்கள் அப்பாவின் பெயரும் 'கட்டாக் கருவாடு, முதல்தரம்' என்பதும் கொட்டை எழுத்தில் இருந்தன.

அதை இரண்டு கையாலும் விரித்து என் பக்கம் பிடித்தாள்.

"இதுவா ஜேர்மன் நார்?"

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் அப்பா சாக்கிலிருந்த தன் பெயரைப் பார்த்தார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஜெனிற்றாவின் முகத்தில் கோபமில்லை, அதைவிட மோசமான ஒன்று இருந்தது.

"மணத்தைப் பத்தி எனக்கு ஒண்டுமில்ல" என்றாள். "நான் கேட்டனான். நீங்க எனக்குப் பொய் சொன்னீங்க."

அவளுடைய அப்பா எழும்பிவிட்டார். "வாங்க, போவம்."

இனி இழக்க என்ன இருக்கிறது? நான் வாயைத் திறந்தேன். "சேர், நாங்க கருவாட்டுக்காரர். மூண்டு நாளா ஒளிச்சு வச்சிருந்தம். இந்த வீடு நாளைக்கும் மணக்கும், அடுத்த வருசமும் மணக்கும். எங்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். ஜெனிற்றா, உங்களை விட்டுப்போட்டு இருக்க ஏலாதெண்ட பயத்தில பொய் சொன்னன். இனிச் சொல்ல மாட்டன்."

ஜெனிற்றா சாக்கைக் கீழே போட்டாள். பூனை அதில் ஏறிப் படுத்தது.

ஜெனிற்றா மற்றப் பெட்டிக்கு முன்னால் போய் இருந்தாள். "அப்பா, கொஞ்சம் இருங்க" என்றாள், ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே. "இந்த ஆளைத் தனிய விட்டா ஊரையே நாறடிச்சிடும். பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணும்."

அவர் வாசலில் நின்று மகளைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். பிறகு எங்கள் அப்பாவின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகத்தில் கோப்புக் கேட்கிற குரலில் கேட்டார். "கட்டா எண்டு போட்டிருக்கு. இருக்குதா?"

"இருக்கு, இருக்கு" என்று அப்பா பாய்ந்தார். "மருமகன் வீட்டில!"

"கொஞ்சம் கட்டித் தாங்க. வானுக்குள்ள மணக்காமக் கட்டோணும்."

இவையெல்லாம் நடந்து இப்போது ஒன்பது வருடம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஸ்பீக்கர்கள் வீட்டில்தான் நிற்கின்றன. உள்ளே என்ன அடைக்கவேண்டும் என்பதை ஜெனிற்றாதான் தீர்மானித்தாள். நான் கேட்கவுமில்லை. வீட்டில் எது மணத்தாலும், சோறு அடிப்பிடித்தாலும், நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றினாலும், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சத்தத்தைக் குறைங்க!" என்று கத்துவார்கள். சொந்தத்துக்குள் எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டது. கலியாண வீடுகளில் கூடச் சொல்வார்கள்.

மாமாவுக்கு, அதுதான் ஜெனிற்றாவின் அப்பாவுக்கு, இப்போது பிரஷர். உப்பு ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார், கருவாட்டைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. போன கிழமை வந்திருந்தார். அம்மா பின்பக்கம் கட்டாக் கருவாடு பொரித்தார். பிள்ளைகள் வழக்கம்போல மூக்கைப் பொத்திக் கத்தத் தொடங்க, சுருக்கமில்லாத வெள்ளைச் சேர்ட்டோடு கதிரையில் இருந்த மாமா, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னார்:

"மருமகன், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க."