வேலிக்கு அந்தப் பக்கத்துச் செடார் மரம்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா வில்மா அவர்களுக்கு,

ஹெர்மன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் ஆப்பிள் மரங்களும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் செடார் மரமும் அமோகமாக இருப்பது வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிகிறது.

விஷயம் அந்த மரம்தான். அதில் வாழும் துருப்பூஞ்சை ஒவ்வொரு வசந்தத்திலும் காற்றேறி என் தோட்டத்துக்குக் குடிவருகிறது; இலையெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. மற்றவர்களைப் போல ரசாயன மருந்தடித்துவிட்டுத் தூங்க எனக்கு வழியில்லை, இயற்கை விவசாயம் என்று பலகை மாட்டிக்கொண்டவன். எனக்கு அனுமதியுள்ள கந்தகம் அடித்தேன், மழை கழுவியது. மறுபடி அடிச்சேன், மறுபடியும் மழை. துருவுக்கு ஒண்ணும் ஆகலை, என் மேல வீசுற கந்தக நாத்தத்துல சர்ச்சுல என் பெஞ்சுதான் காலியாச்சு, போதகர் கந்தகம் எரியுற நரகம்னு சொல்றப்பல்லாம் என்னையே பார்க்கிறார். சரி, மழைக்கு முன்னாடி உங்க மரத்துக் கிளையில துரு குடியிருக்கிற முடிச்சையெல்லாம் கிள்ளிப்போடலாம்னு ஏணியோட வந்தா, இந்த வருஷம் மழை முந்திக்கிச்சு. முடிச்செல்லாம் ஊறி, ஆரஞ்சுக் கொம்பு நீட்டி, கொழகொழன்னு தொங்குது. கை வழுக்கி உங்க ருபார்ப் செடிமேலயே விழுந்தேன். நீங்க தூக்கிவிடாம சிரிச்சீங்க. "செடி பொழைச்சுக்கும் சம்பந்தி, நீங்க பொழைப்பீங்களா?"ன்னு வேற கேட்டீங்க. அப்புறம் பட்டாணி சூப் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"ன்னீங்க. என் வீட்டுக்காரி அலீடா கண்ணை மூடினதிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குடிச்சு முடிச்சா கிளம்பணுமேன்னு ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிச்சேன். வீட்டுக்கு வந்து விளக்குப் போடக்கூட மனசில்லை.

அது கிடக்கட்டும். மரத்தை வெட்டிவிடுங்கள். இது என் கடைசி வேண்டுகோள்.

உங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் கர்த்தர் சீக்கிரம் ஒரு குழந்தையையும், உங்கள் முழங்காலுக்குச் சுகத்தையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
ஹெர்மன் பொஸ்மா

பி.கு: இதைத் தபாலில் போடப் போன இடத்தில், நீங்களே மரம் வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். கடிதத்தைப் போடாம திருப்பி எடுத்துக்கிட்டேன். நேரா தோட்டத்துக்குப் போய், துரு பிடிக்கிற ஜாதி ஆப்பிள் மரத்தையெல்லாம் நானே ரம்பம் வச்சுச் சாய்ச்சுட்டேன். மிச்சம் நிக்கிறதெல்லாம் துருவுக்கு அசையாத ஜாதி. இனிமே உங்க மரத்தால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆளைத் திருப்பி அனுப்பிடுங்க. ஆனா வருஷா வருஷம் அந்த முடிச்சையெல்லாம் கிள்ளித்தான் ஆகணும். சனிக்கிழமை வரேன். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க, வில்மா.