மோட்டார் பெட்டியைக் கழற்ற மாட்டேன்

கர்த்தருக்குள் பிரியமுள்ள அண்ணன் தேவப்பிரியம் அவர்களுக்கு, திருவொற்றியூரிலிருந்து தங்கை ஞானபாக்கியம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கவும், உங்கள் காதுக்குள் போன சோப்பு முழுவதும் வெளியே வந்திருக்கவும் ஜெபிக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பெட்டியைக் கழற்றிக் கடலில் போடு, மாடி வீடுகளுக்கு ஏறிப்போய் மன்னிப்புக் கேள், இந்த வயதில் பாடகர் குழுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதில் எதையும் நான் செய்யப்போவதில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அதட்டி அடக்கிவிடுவீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கட்டிடத்தின் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில், என் வாசலை ஒட்டி இருக்கிறது. அந்த ஒரு குற்றத்துக்காக, என் வீட்டுக்காரர் கர்த்தரிடம் போன நாள் முதல் காலையும் மாலையும் மோட்டார் போட்டு அணைப்பது என் தலையில் விழுந்தது. கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் பாதியில் எழுந்து வருவேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லும்போது, "யக்கா, டேங்க்ல தண்ணி இல்ல" என்று மேல்மாடி எத்திராஜ் போன் பண்ணுவான். இந்த நிலையில் நம் சபைப் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். பயிற்சி சரியாக மாலை மோட்டார் நேரத்தில். முதல் நாளே பாட்டு நடுவில் எழுந்து ஓடிவந்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி மோட்டார் தன்னைத் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று.

முதல் மாடி உமைமா தன் லேப்டாப்பையும் வைஃபையையும் கொடுத்தாள். ரிச்சி தெருவில் போய், வைஃபையில் நேரம் கேட்டுக்கொள்ளும் ஒரு குட்டி போர்டும், அது சொன்னால் டக்கென்று தட்டும் ஒரு ரிலேயும் வாங்கினோம். மோட்டாரின் கரண்டைத் தாங்கும் சாமானை எலக்ட்ரீசியன்தான் இவற்றோடு ஒரு பெட்டியில் பொருத்திக்கொடுத்தார், அதில் நான் கை வைக்கவில்லை. எப்போது போடு, எப்போது அணை என்று எழுதியது மட்டும் நான். வீடியோவைப் பார்த்துப் பார்த்து, ஒரு அரைப்புள்ளியை விட்டதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க அந்த லேப்டாப்பிடம் திட்டு வாங்கி எழுதினேன்.

முதல் நாள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அந்த ரிலேக்கு 'போடு' என்றால் அணைக்குமாம், 'அணை' என்றால் போடுமாம், நம் சித்தப்பா மாதிரி. அது தெரியாமல் நான் கடைக்குப் போய்விட்டேன். மோட்டார் ஓடி ஓடி, டேங்க் வழிந்து, மொட்டைமாடியில் எத்திராஜ் காயவைத்திருந்த நெத்திலி எல்லாம் நீந்த ஆரம்பித்துவிட்டது. அவன் சொட்டச் சொட்ட முறத்தோடு இறங்கிவந்து, "இன்னாக்கா, கடல்லேர்ந்து புட்ச்சாந்து காயவெச்சா, நீ மறுபடி கடல்லயே வுட்டுகினு கீறியே" என்றான். கோபமாகத்தான் சொன்னான், ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவனுக்கு இன்னும் கோபம்.

அதைத் திருத்தியதும் வந்தது உங்கள் விவகாரம். உங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று, ஞாயிறு ஆராதனைக்கு முன் குளிக்க என் வீட்டுக்கு வந்தீர்கள். காலையில் ஓட வேண்டிய மோட்டார் ஓடவில்லை. பெட்டி இன்டர்நெட்டில் மணி கேட்டிருக்கிறது, அங்கே லண்டன் பக்கத்துக் கிரீன்விச் மணியைச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று நான் அதற்குச் சொல்லவில்லை. நீங்கள் தலையெல்லாம் நுரையோடு குளியலறைக் கதவைத் திறந்து, "பாக்கியம், தண்ணி எங்கம்மா" என்று கேட்டீர்கள். குடிக்க வைத்திருந்த ஒரு குடம்தான் இருந்தது. மிச்ச நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு போய் வேதம் வாசித்தீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் உங்களுக்கு ஏதோ அபிஷேகம் என்று நினைத்ததற்கு நான் பொறுப்பில்லை.

மறுநாள் மாடி வீட்டுக்காரர்கள் படிக்கட்டில் கூட்டம் போட்டார்கள். எத்திராஜ் பெட்டியைப் பிடுங்கச் சொன்னான். "பிடுங்கு" என்றேன். "கூடவே சுவிட்சையும் உன் வாசலுக்கு மாத்திக்க. நான் இத்தனை வருஷம் போட்டேன், இனிமே நீ போடு. நீ கடலுக்குப் போற நேரத்துல நான் போன் பண்றேன்." உமைமாவின் வீட்டுக்காரர் ஜுபைர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் உமைமாதான், "பொட்டி தப்பு பண்ணா திருத்திக்கலாம்க்கா. நீங்க பாடப் போங்க" என்றாள். அன்றைக்கே மறுபடி அந்த லேப்டாப்பைத் திறந்தேன் அண்ணா.

நேரத்தைத் திருத்தினேன். அதற்கப்புறம் இன்றுவரை ஒரு வேளை தப்பவில்லை. காலையில் ஓடுகிறது, மாலையில் ஓடுகிறது, தானே அணைகிறது. நான் பயிற்சிக்குப் போய் முழுப் பாட்டும் பாடிவிட்டு, டீயும் குடித்துவிட்டு, மெதுவாக நடந்து வருகிறேன். சபையில் அறுப்பின் பண்டிகைக்கு எனக்குத் தனியாகவே ரெண்டு வரி கொடுத்திருக்காங்க. நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க, நான் பாடத்தான் போறேன். பெட்டி அங்கேயேதான் இருக்கும். இது ஞானபாக்கியம் தன் கையால் எழுதிய புரோகிராம், கழற்ற மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் முழங்கால் வலியையும் முன்கோபத்தையும் சேர்த்தே குணமாக்குவாராக.

இப்படிக்கு,
அடங்காத தங்கை
ஞானபாக்கியம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடக் கதவைத் திறந்தேன். படிக்கட்டுக்கு அடியில் எத்திராஜ் குனிந்து பழைய சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தான். "இன்னாடா பண்றே" என்றேன். "பொட்டி அப்பவே பூட்ச்சிக்கா. உமைமாக்கா வைஃபை பாஸ்வேர்டு மாத்துனதுலேர்ந்து அதுக்கு மணியே தெர்ல. நாங்கதான் ஆளுக்கொரு வேளை போட்டுகினு கீறோம். சொன்னா நீ பாடப் போறத வுட்டுடுவேன்னு உமைமாக்கா சொல்ல வேணாம்னுச்சு" என்றான். ஆகவே அண்ணா, பெட்டியைப் பற்றி மேலே பெருமையாக எழுதிய எதையும் நம்ப வேண்டாம். புது பாஸ்வேர்டைப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. போடப்போவதில்லை.