குளிர் கிடங்கு வாசலில் ஒரு நிமிஷம்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நாற்காலி போட்டு உட்கார வைத்தால் இவர்களுக்குப் பேச்சே வராது. கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தால்தான் வாய் திறக்கும். வீட்டு வாசலில் இப்படி நின்றால் நமக்கு நஷ்டம் அரைமணி நேரம். ஐஸ்கிரீம் ஆலையின் குளிர் கிடங்கு வாசலில் நின்றால்?

நம் உற்பத்தி மேலாளர் அங்கேதான் நிற்பார். வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் திரை, படிய வாரிய தலையைக் கலைக்கிறது என்று அதைச் சுருட்டிக் கட்டிவிட்டார். கதவு திறந்திருந்தால் அலறும் மணி, மரியாதை தெரியாமல் குறுக்கே பேசுகிறது என்று அதன் வாயில் துணியை அடைத்துவிட்டார். குளிரெல்லாம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி ஊரைக் குளிப்பாட்டப் போக, பின்பக்கம் கம்ப்ரசர் மூச்சு வாங்கிக்கொண்டு ஓட, அதை ஓட்டுவதற்கென்றே எங்கோ ஒரு மின்நிலையம் கூடுதலாகக் கரியைப் புகைக்க, இவர் அரசியலில் ஆரம்பித்து மருமகனின் மூட்டுவலியில் வந்து நிற்பார். பேச்சு நிற்காது.

சிக்கனம் தெரியாதவர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கழிவறை விளக்கைக் கழற்றியவரே இவர்தான். இப்போது உள்ளே போகிறவர், இருட்டில் ஆள் இருப்பது தெரிய, வெளியே வரும்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும். பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடத்தை ஆராய்வார்!

அன்று பெரிய கடை நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். கரிப்புகையைக் குறைக்கும் ஆலைக்குத்தான் இனி ஐஸ்கிரீம் ஆர்டர் என்பது அவர்கள் விதி. கை நழுவினால் ஒரு ஷிப்டையே மூட வேண்டியிருக்கும். அந்தக் கவலையில் நம்மவருக்குச் சோறு இறங்கவில்லை, பாவம். அம்மாவை நேரே கிடங்கு வாசலுக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தார்.

"கார்பன்தான் மேடம் நம்ம எதிரி. ஒவ்வொரு யூனிட் கரண்டும் எனக்கு உசுரு மாதிரி."

"கதவ மூடிட்டுப் பேசலாமா சார்?"

"மூடிடலாம் மேடம், ஒரு நிமிஷம். இத மட்டும் சொல்லிடறேன்."

சொன்னார். பூமி சூடாவதைச் சொன்னார், பனிமலை உருகுவதைச் சொன்னார், பேரப்பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் கண் சுவரிலிருந்த வெப்பமானியை விட்டு அகலவில்லை. அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க சார். இந்த ஆர்டர உங்களுக்குத் தர முடியாது."

கார் போய்விட்டது. மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். நடிப்பில்லை, அந்த ஷிப்டில் வேலை செய்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. கிடங்குக்காரரைக் கூப்பிட்டார்.

"எங்கய்யா தப்பு நடந்துச்சு? எனக்கு ஒண்ணுமே புரியலையே!" என்றார், கதவில் சாய்ந்தபடி.

"சார், கதவு..."

"இருய்யா, பேசிட்டிருக்கேன்ல."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று, பசியே இல்லாமல் ஃபிரிட்ஜைத் திறந்து, அதே பழைய சாம்பார் கிண்ணத்தை முறைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றீர்களே, "என்ன தேடுறீங்க?" என்று வீட்டில் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

"ஒண்ணுமில்ல, சும்மா."