பப்படத்தின் பணி நியமனம்

திருவனந்தபுரம் நகர எல்லைக்குள் பெண் பார்க்கும் நிகழ்ச்சியானது இப்போதெல்லாம் வீட்டில் நடைபெறுவதில்லை என்பதை முதலில் தெரியப்படுத்திக்கொள்கிறேன். கஃபேயில் நடக்கிறது. பையனும் பெண்ணும் ஒரு மேஜை. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அடுத்த மேஜையில், மெனு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, காது கேட்காதவர்கள் மாதிரி. ஓரத்தில் தரகர் தளவாய், அதாவது நான், அறுபத்தெட்டு வயதில் ஐஸ் போட்ட காப்பியைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டு.

பிடித்தால்தான் வீட்டுக்கு வருவது. பிடிக்காவிட்டால் யாரும் எங்கும் வரவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

கிழக்கேகோட்டைப் பாத்திரக்கடை அழகியநம்பியின் மகள் அஞ்சுவுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்தேன். பேர் பிரவின்ராஜ். ஜாதகம் பொருந்தியது. உயரம் பொருந்தியது. இரண்டு அம்மாமாரும் போனில் அரைமணி நேரம் பேசினார்கள், அதுகூடப் பொருந்தியது. ஆனால் திங்கட்கிழமை பையன் கம்பெனி வேலையாக ஜெர்மனிக்குப் போகிறான், திரும்ப இரண்டு வருஷம். ஆகவே ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தாக வேண்டும். அஞ்சு சரியென்றாள். ஒரே ஒரு நிபந்தனை, அவள் நாயும் கூட இருக்கும்.

நாயின் பேர் பப்படம். கழக்கூட்டம் பக்கம், அவள் ஆபீஸ் வாசலில் மழையில் கிடந்தது. செம்மண் நிறம். ஒரு காது மட்டும் எண்ணெயில் போட்ட பப்படம் மாதிரி மடங்கி நிற்கும்.

கல்யாணம் உனக்கா அதுக்கா மக்களே என்று கேட்டேன்.

"மாமா, இதுக்கு முந்தி நீங்க கொண்டுவந்த ரெண்டு பேரும் பயோடேட்டால நாய்ப் பிரியர்னு எழுதியிருந்தாவ. ஒருத்தர், கல்யாணத்துக்கு அப்புறம் நாயை அப்பா வீட்ல விட்டுரலாம்னாரு. இன்னொருத்தர் இப்பவே விட்டுரலாம்னாரு. இந்த ஆளு ஒரு மணிக்கூர் பப்படம் பக்கத்துல இருக்கட்டும். நான் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. முன்னே 'தீய பழக்கங்கள் இல்லை' என்று போட்ட இடத்தில் இப்போது எல்லாரும் 'நாய்ப் பிரியர்' என்று போடுகிறார்கள். அதுவும் இதுவும் ஒரே அளவுக்குத்தான் உண்மை.

விழிஞ்ஞம் கடற்கரையில் வைத்துப் பார்க்கலாமா என்று பையனின் அம்மாவிடம் கேட்டேன். மணலில் நிறுத்திப் பார்ப்பதற்கு நாங்கள் பெண் பார்க்கிறோமா படகு பார்க்கிறோமா என்று கேட்டு போனை வைத்துவிட்டாள். கஃபேதான் வேண்டும். நாய் நுழையும் கஃபே. கையில் எட்டு நாள்.

முதல் கஃபேயின் சுவர் முழுக்க நாய்ப் படம். 'நாய்களின் நண்பர்கள் நாங்கள்' என்று வாசலில் விளக்குப் போட்ட எழுத்து. நாயைக் கூட்டி வரலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். உள்ளே விடமாட்டோம் என்றான். போர்டில் நண்பர்கள் என்று இருக்கிறதே என்றேன்.

"ஆமா அங்கிள், ஃப்ரண்ட்ஸ்தான். ஃப்ரண்ட்ஸெல்லாம் வீட்டுக்கு வரணும்னு உண்டோ?"

இரண்டாவது கஃபேயில் நாய் வரலாம், முன்பதிவு வேண்டும். ஒரு பெண்பிள்ளை கம்ப்யூட்டரில் நாயின் இனம் கேட்டாள். நாட்டு நாய் என்றேன். பதினாறு இனத்தின் பேர் வாசித்தாள், எல்லாம் வெளிநாடு. கடைசியில், மிகுந்த வருத்தத்தோடு, அப்படியொரு இனம் சிஸ்டத்தில் இல்லை என்றாள். வெளியே வந்தேன். இல்லாத அந்த இனத்தில் ஒன்பது பேர் அவர்கள் படிக்கட்டில் படுத்திருந்தார்கள். தாண்டித்தான் இறங்கினேன்.

மூன்றாவது இடத்தில் நாய்க்குத் தனி மெனுவே உண்டு. ஆனால் வரும் நாய் குரைக்கக் கூடாது, நக்கக் கூடாது, முடி உதிர்க்கக் கூடாது, தரையைத் தொடக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்கு விதி. இதுவரை எத்தனை நாய் வந்தது என்று விசாரித்தேன். மூலையில் ஒரு பஞ்சு பொம்மையைக் காட்டினார்கள்.

வியாழக்கிழமை ஸ்வப்னாவின் கஃபேக்குப் போய்ச் சேர்ந்தேன். சாஸ்தமங்கலம் பக்கம் சின்ன இடம், எட்டு மேஜை. 'நாய்களுக்கு நல்வரவு' என்று கையால் எழுதின பலகை. அவளுக்கு நாய் என்றால் உயிர், வீட்டில் நாலு வளர்க்கிறாள். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து முதல் வாரமே சர்க்கார் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டதாம். நாய் நுழைந்தால் லைசென்ஸ் போகும் என்று சொல்லிவிட்டார்கள். பலகை இருக்கலாமாம், நாய்தான் கூடாதாம்.

"ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்கிக் கொண்டுவா மாமா. பின்னே நான் பப்படத்துக்குச் சோபாவே போட்டுத் தரேன்" என்றாள்.

எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். நான் மறுபடியும் அங்கே போகவேண்டி வரலாம். அதிகாரியின் பேர் அனூப். பதினெட்டு வருஷ சர்வீஸ். மரியாதையாக உட்காரச் சொன்னார். உணவருந்தும் இடத்தில் பிராணி பிரவேசிக்கக் கூடாது என்று விதியை வாசித்துக் காட்டினார். அப்படி அவர் வாசித்துக்கொண்டிருந்த மேஜையில், அவருடைய திறந்த சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஃபைல்கள்மேல் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருந்தது.

"இது?" என்றேன்.

"எலி பிடிக்க வெச்சிருக்கு. அது பிராணி இல்ல சேட்டா, ஸ்டாஃப்."

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. ஆனால் ஒரு வாசல் திறந்தால் எனக்குத் தெரியும். பப்படத்தையும் ஸ்டாஃப் ஆக்கினால் என்ன என்று கேட்டேன். அனூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு நிறுவனம் காவல் நாயை நியமிப்பதற்கு ஆட்சேபணை ஏதுமில்லை என்றார். உரிய படிவம் கொடுத்தார்.

படிவத்தில் தகப்பனார் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடமுடியாது. அழகியநம்பி ஒரு நாள் முழுக்க யோசித்தார். "மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வரணும்னா ஒரு மகனும் வந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி" என்று கையெழுத்துப் போட்டார். மலையாள அறிவு அவசியம் என்று ஒரு கட்டம். அனூப் முன்னிலையில் அஞ்சு "இரிக்கடா" என்றாள். உட்கார்ந்தது. தேர்ச்சி. இடது முன்னங்காலை மையில் தொட்டு மூன்று பிரதியில் ஒற்றினோம். சனிக்கிழமை மதியம், 'திரு. பப்படம், காவலர்' என்று போட்டோ ஒட்டின அட்டை கழுத்தில் ஏறியது. போட்டோவில் காது மறைகிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

ஞாயிறு நாலு மணி. பிரவின்ராஜ் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தான். அஞ்சு எதிரே. காவலர் வாசலை ஒருமுறை பார்த்தார், வெயிலாக இருந்தது. மேஜைக்கு அடியில் போய்ப் பையனின் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டார்.

பையன் காலை அசைக்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். பேச்சு ஜெர்மனிக்குப் போனது, குளிருக்குப் போனது. கால் மட்டும் அங்கேயே. எனக்கே வலித்தது. காப்பி தூரத்தில் இருந்தது, எட்டி எடுத்தால் கால் நகரும், அதனால் அவன் காப்பியே குடிக்கவில்லை. இதையெல்லாம் அஞ்சு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாவது நிமிஷம் அனூப் உள்ளே வந்தார். திடீர்ப் பரிசோதனை. காவலர் எங்கே என்று அதட்டினார். குனிந்து பார்த்தார். பணி நேரத்தில் உறக்கமா, இதை எழுதினால் நியமனம் ரத்து, பிறகு இது வெறும் பிராணி, பிராணி உள்ளே இருப்பதால் லைசென்ஸும் ரத்து என்று சத்தமாக அடுக்கிக்கொண்டே போனார்.

"சார், கொஞ்சம் மெதுவா" என்றான் பிரவின்ராஜ். "இப்பத்தான் உறங்கிச்சு."

அடுத்த மேஜையில் இரண்டு மெனு அட்டைகள் கீழே இறங்கின. அனூப் அவனைப் பார்த்தார். பப்படத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில் உறங்கினவரை எழுப்பி அவருக்குப் பழக்கமில்லை. நோட்டை எடுத்து எழுதினார்: 'காவலர் பணியிடத்தில் உள்ளார். வளாகத்தில் அமைதி நிலவுகிறது.' பூனை நடை நடந்து வெளியே போனார்.

ஐந்து மணிக்குப் பையனைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. நொண்டிக்கொண்டு போனவனைப் பார்த்தபடியே அஞ்சு சொன்னாள், "மாமா, வீட்டுக்கு வரச் சொல்லுங்க." ராத்திரியே வந்தான். திங்கட்கிழமை தாம்பூலம் மாற்றின கையோடு விமானம் ஏறினான்.

அதோடு செய்தி பரவிவிட்டது. இப்போது ஞாயிறுதோறும் ஸ்வப்னா கஃபேயில் எட்டு மேஜையிலும் பெண் பார்க்கிறார்கள். நாய் இல்லாத வீட்டுக்காரர்கள் பப்படத்தை முன்பதிவு செய்கிறார்கள். பையன்கள் வீட்டில் காலில் அம்மிக்குழவியை வைத்துப் பழகிவிட்டு வருகிறார்கள். என் தொழில் இத்தனை சிறப்பாக ஒருபோதும் நடந்ததில்லை.

போன ஞாயிறு நல்ல மழை. எட்டு மேஜையும் நிறைந்திருந்தது. அப்போது ஒரு கறுப்பு நாய், தெரு நாய், நனைந்துபோய் வாசலில் தலையை நீட்டியது. வாலை ஆட்டிக்கொண்டு ஒரு கால் உள்ளே வைத்தது. எட்டு மேஜை நாய்ப் பிரியர்களும் காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்கள். ஒரு பையன் அவன் அம்மா மடியிலேயே ஏறிவிட்டான். ஸ்வப்னா பார்த்தாள், ஆனால் அனூப் பரிசோதனைக்கு வரும் நேரம். என்னைப் பார்த்தாள்.

ஒரு நாய்க்காக எட்டு நாள் ஊரெல்லாம் அலைந்தவன் நான். நான்தான் எழுந்து போனேன். உன்னை யார் நியமித்தது என்று கேட்டேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

அது போகவில்லை. நல்வரவுப் பலகைக்குக் கீழே, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, மழை விடும்வரை எந்த உத்தரவும் இல்லாமல் எங்கள் எல்லாருக்கும் காவல் இருந்தது.