தர்பாரா, நாயகியா?

கர்நாடக சங்கீதம் கேட்டால் மனம் அமைதியாகும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்திய ஆள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று பலர் நம்பியும்விட்டார்கள். அவர்கள் எல்லாரும் என்னை மன்னிக்க வேண்டும். உண்மை என்னவென்று எனக்குத் தெரியாது. என் மனைவி தெய்வானையை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன நாளிலிருந்து ஒரே குழப்பம்.

அவளுக்குக் கழுத்துவலி. வலது கை விரல்கள் வேறு மரத்துப்போயின. ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை எம்ஆர்ஐ பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றுவிட்டார் டாக்டர். தெய்வானையோ லிஃப்டில் ஏறவே பயப்படுகிறவள். (நாலாவது மாடியில் இருந்த அந்த டாக்டரையே படியேறித்தான் பார்த்தாள்.) குழாய் மாதிரி மெசினுக்குள் அசையாமல் படுக்க வேண்டும் என்றதும் முகம் வெளுத்துப்போயிற்று.

அவிநாசி ரோட்டு ஸ்கேன் சென்டரில் ஒரு பெண் அவள் கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தாள்.

"ரொம்பப் பயமா இருந்தா இதை அமுக்குங்கம்மா, உடனே வெளிய எடுத்தர்றேன். காதுல பாட்டுப் போடறேன். என்ன பாட்டு வேணுங்க?"

தெய்வானை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கர்நாடக சங்கீதம் போடு அம்மணி. புல்லாங்குழல் மட்டும். அதுதான் நரம்பைத் தளர்த்தும்."

(அவள் சினிமாப் பாட்டுக் கேட்டிருப்பாள். அது தெரிந்தேதான் முந்தினேன்.)

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மணி அலறியது. அந்தப் பெண் உள்ளே ஓடினாள். பின்னால் நானும் ஓடினேன். "வாட்ச், சாவியோட உள்ள வராதீங்க சார்!" என்று கத்தினாள். வாசலிலேயே நின்றேன். தெய்வானையை வெளியே இழுத்து உட்காரவைத்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை.

"ஏனுங்க," என்றாள் மூச்சு வாங்க, "அது தர்பாருங்களா, நாயகிங்களா?"

இரண்டும் ராகங்கள். இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும், எனக்கே தடுமாறும்.

"அதுக்கா பந்தை அமுக்குனே?"

"பின்ன? வெளிய வந்ததும் என்ன ராகம்னு கேப்பீங்கல்ல? நாப்பது வருசமாக் கேக்கறீங்க. கார்ல கேக்கறீங்க, சோறு போடறப்பக் கேக்கறீங்க. உங்க தங்கச்சி ஊட்டுக் கல்யாணத்துல நாயனக்காரர் வாசிக்கறப்ப அத்தனை பேர் முன்னாடி கேட்டுப்போட்டீங்க. பாட்டா இருந்தாலும் வரியை வெச்சுக் கண்டுபுடிப்பேன். வெறுங்குழலைப் போடச் சொல்லிப்போட்டீங்க. புடிபடாம நெஞ்சே அடைச்சுப்போச்சுங்க!"

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது, மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வது. நான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "அதைக் கொஞ்சம் முதல்ல இருந்து போடு அம்மணி" என்றேன்.

ஆஸ்பத்திரி உடுப்பில் அவள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து காதைக் கொடுத்தேன். தர்பார் என்று முடிவுகட்டினால் நாயகி எட்டிப்பார்த்தது. நாயகி என்றால் தர்பார். இப்போது எனக்கு வியர்த்தது.

"சார், நீங்க வெளிய உக்காருங்க" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குப் பாட்டே வேண்டாங் கண்ணு," என்றாள் தெய்வானை. "மெசின் சத்தமே போதும்."

தகரக் கூரையில் கல் விழுவது போன்ற சத்தம் அது. அதற்குள் அவள் குறட்டைவிட்டுத் தூங்கியதாக அந்தப் பெண் பிறகு சொன்னாள். எப்படித் தூங்கினாய் என்று கேட்டேன்.

"மோட்டார் ஓடறாப்ல நல்லா இருந்துச்சுங்க. அதைப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?"

ஆபரேஷன் தேவைப்படவில்லை, கழுத்துப் பயிற்சியே போதும் என்றார் டாக்டர். குழப்பம்தான் தீரவில்லை. நான் இத்தனை வருடம் கேட்டது சங்கீதத்தையா, இல்லை பரீட்சைதான் நடத்தினேனா? எனக்காவது அது அமைதி தந்ததா? யோசித்தால், கச்சேரியில் ராகம் பிடிபடாமல் பக்கத்து நாற்காலிக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

இப்போதெல்லாம் வீட்டில் எந்தப் பாட்டு ஓடினாலும், நான் தொண்டையைச் செருமினால் போதும். மகன், மருமகள், பேத்தி மூவரும் கையைத் தூக்கி இல்லாத பந்தை அமுக்குவார்கள்.

போன வாரம் சாயங்காலம் வீணைக் கச்சேரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"இது நல்லா இருக்குதுங்க" என்றாள்.

கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

அவள் கை அதற்குள் பாதி தூரம் மேலே வந்திருந்தது.