சார்ஜருக்குச் சட்டை தைத்தவர்

மனிதர்களில் 'புதுசு காப்பவர்' என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிவி ரிமோட்டை அது வந்த பாலித்தீன் பையோடேயே அமுக்கி அமுக்கி, பை மஞ்சளாகிப் பிசுபிசுத்து, கடைசியில் டிவியே செத்துப்போன பிறகும் ரிமோட்டை மட்டும் புத்தம்புதுசாக வைத்திருப்பாரே, அவர்தான். சோபா வாங்குவார், அதற்கு உறை போடுவார், உறை அழுக்காகிவிடுமே என்று அதன்மேல் ஒரு போர்வையை விரிப்பார், போர்வை கசங்கிவிடுமே என்று தரையில் உட்காருவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்.

"இருக்கட்டும், புதுசு."

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் வாங்கவே மாட்டார். இவர் தாராளமாக வாங்குவார். தொடத்தான் விடமாட்டார்.

இந்த இனத்தில் தலைசிறந்த ஒருவரை எனக்குத் தெரியும். கார் ஷோரூம் வைத்திருக்கிறார். என் காரை அவரிடம்தான் சர்வீஸுக்கு விடுகிறேன். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'கவர் சார்' என்பார்கள். நேரில் வெறும் 'சார்'தான், கவரைக் கழற்றிவிடுவார்கள்.

மின்சாரக் கார் விற்கிற ஷோரூம் ஒவ்வொன்றிலும் சார்ஜிங் ஸ்டேஷன் இருந்தே ஆகவேண்டும், வருகிற வண்டிக்கெல்லாம் சார்ஜ் கொடுக்கவேண்டும் என்று கார் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. கவர் சார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. வாசலில் பதித்திருந்த கல்லையெல்லாம் பெயர்த்து, பள்ளம் வெட்டி, கை மொத்தத்துக்கு கேபிள் புதைத்து, மின்சார அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, ஆளுயரத்துக்கு இரண்டு வெள்ளை எந்திரங்களை நிறுத்தினார். பளபளவென்று நின்றன. பார்த்துப் பார்த்துப் பூரித்தார். எலெக்ட்ரீஷியன் ஒரு ஷோரூம் காரைக் கொண்டுவந்து சொருகிப் பார்க்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

'டக்' என்று ஒரு சத்தம். ஊசி குத்திய குழந்தை மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"போதும்பா, பார்த்தாச்சு. எடுத்துடு."

"கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கணும் சார்."

"அதான் ஓடுதே! சும்மா சும்மா சொருகினா ஓட்டை லூஸாயிடும்."

"சொருகுறதுக்குத்தானே சார் இருக்கு?"

"எல்லாம் சொருகலாம். இருக்கட்டும், புதுசு."

மறுநாள் தையற்காரர் வந்தார். டேப்பை எடுத்து எந்திரத்துக்கு மார்பளவு, இடுப்பளவு, கேபிளுக்குக் கையளவு என்று முறையாக அளந்துகொண்டார்.

"முன்பக்கம் பட்டன் வைக்கட்டுங்களா?"

"ஜிப் வைங்க. தூசி போகக்கூடாது."

மழைக்கோட்டுத் துணியில் அழகான இரண்டு சட்டைகள் வந்து சேர்ந்தன. போட்டுக்கொண்டு நின்ற எந்திரங்கள், மழைக்குப் பயந்து ஒதுங்கிய அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. சுற்றிலும் பூந்தொட்டிகள். தொட்டிகளுக்கு முன்னால் ஒரு சங்கிலி. சங்கிலிக்கு முன்னால் வாட்ச்மேன்.

பாவம், எல்லா வசவும் வாட்ச்மேனுக்குத்தான். பேட்டரி குறைந்து, ஏசியை அணைத்து, வியர்வையில் நனைந்து யாராவது வந்து நிற்பார்கள்.

"சார்ஜ் போடணும்."

"மெஷின் ரெஸ்ட்ல இருக்குங்க."

"எப்போ எழுந்திருக்கும்?"

"சார்தான் எழுப்பணும்."

உள்ளே விற்பனை மேலாளர் பாடு இதைவிட மோசம். 'சார்ஜைப் பத்திக் கவலையே படாதீங்க, நம்ம வாசல்லயே இருக்கு' என்று சொல்லித்தான் அவர் மின்சாரக் கார் விற்றாக வேண்டும். எங்கே, காட்டுங்கள் என்பார் வாங்க வந்தவர். மேலாளர் அழைத்துப்போய், சங்கிலியைத் தாண்டி, பூந்தொட்டியைத் தாண்டி, போர்வையை விலக்கிக் கைக்குழந்தையின் முகத்தைக் காட்டுவதுபோல ஜிப்பை ஒரு சாண் இறக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் ஏற்றிவிடுவார். வந்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போவார். யோசித்துக்கொண்டே இருப்பார்.

ஆனால் சோபாவும் ரிமோட்டும் போல வாயில்லாப் பூச்சிகள் அல்ல இந்த எந்திரங்கள். எவ்வளவு மின்சாரம் கொடுத்தோம் என்று தலைமை அலுவலகத்துக்குத் தாமாகவே சொல்லிவிடுகிற ஜாதி. சட்டைக்குள் இருந்தபடியே இவை இரண்டும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தன: பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

ஒரு காலையில் கம்பெனி அதிகாரி நேரில் வந்து இறங்கினார். நாற்காலியில்கூட உட்காராமல் பேசுகிற அம்மையார்.

"மெஷின் ரெண்டும் ரிப்பேரா?"

"ஐயையோ!" பதறிப்போனார் கவர் சார். "வந்து பாருங்க மேடம். ஒரு கைரேகை இருக்காது. அப்படியே புதுசா இருக்கு!"

"அதுதான் பிரச்சினை. உங்களுக்கு வேண்டாம்னா கழற்றி வேற ஷோரூமுக்குக் குடுத்துடறோம். மின்சாரக் கார் விற்கிற உரிமையும் அதோடவே போயிடும்."

பெட்ரோல் கார் கேட்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. அந்த உரிமை போனால் பாதி ஷோரூமை மூடவேண்டியதுதான்.

"மத்தியானம் வரைக்கும் இருப்பேன்," என்றார் அதிகாரி. "ஷோரூம் வண்டி வேண்டாம். வாங்கி ஓட்டுற ஒருத்தரோட வண்டி, ஒண்ணே ஒண்ணு, என் கண்ணெதிர்ல சார்ஜ் ஆகணும்."

கவர் சார் தம் கையாலேயே சங்கிலியை அவிழ்த்தார். தொட்டிகளை நகர்த்தினார். ஜிப்பை இறக்கினார். ரோட்டோரம் போய் நின்றுகொண்டு, மின்சாரக் கார் கண்ணில் பட்டதும் வாங்க வாங்க என்று கையாட்டினார். யார் வருவார்கள்? ஊரில் மின்சாரக் கார் வைத்திருந்த அத்தனை பேரும் ஏற்கெனவே ஒரு தடவை அந்த வாசலில் அசடு வழிந்து திரும்பியவர்கள். சிலர் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சார், எழுந்திருச்சிடுச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மேலாளர் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டுப் போட்டுக் களைத்து, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"சார்... அம்மா பேர்ல ஒரு வண்டி இருக்கே."

இருந்தது. கல்யாண நாளுக்கு மனைவிக்கு அவரே வாங்கிக் கொடுத்த மின்சாரக் கார். அந்த அம்மாளும் ஆசை ஆசையாக டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். கார் வீட்டுக்கு வந்தது; ஷெட்டில் ஏறியது; உறையைப் போர்த்திக்கொண்டது. அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குப் போகச் சாவி கேட்டால், "பஸ்ஸே வாசல்ல நிக்குதே, எதுக்கு? இருக்கட்டும், புதுசு" என்பார். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். வீட்டில் யாருமில்லாத சில மத்தியானங்களில் உறையை லேசாகத் தூக்கி உள்ளே நுழைந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாராம். அது கணவருக்குத் தெரியாது.

கவர் சார் போனை எடுத்தார்.

"நம்ம காரைக் கொஞ்சம் ஷோரூமுக்கு எடுத்துட்டு வர்றியா?"

"எந்தக் காரை?"

"உன் காரைத்தான்."

"ஓ. அது என் காரா?"

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தது. கார் கிளம்பவில்லை. விளக்குகூட எரியவில்லை. நின்று நின்றே பேட்டரி செத்திருந்தது. சார்ஜருக்கு வண்டி இல்லை. வண்டிக்குப் போக சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல், பழுதான வண்டிகளை ஏற்றிவரும் லாரி போனது. ஊரே வேடிக்கை பார்க்க, வீட்டுக்கு வந்த நாளுக்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓடியறியாத அந்தக் கார், உறையைப் போர்த்தியபடி லாரிமேல் பவனி வந்தது. டிரைவர் பக்கத்தில், மடியில் கைப்பையோடு, அந்த அம்மாள்.

மெக்கானிக் முதலில், விளக்குக்கும் பூட்டுக்கும் என்று காரில் தனியாக இருக்கிற சின்ன பேட்டரிக்கு உயிர் கொடுத்தார்; அது விழித்தால்தான் பெரிய பேட்டரி சார்ஜ் ஏற்கும். உறையை உருவினார்கள். வெயிலில் கார் ஜொலித்தது. கையில் சார்ஜர் பிளக்கோடு நின்ற கவர் சாருக்கு, அதிகாரி நிற்பது மறந்துவிட்டது, உரிமை மறந்துவிட்டது. மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்:

"பார்த்தியா? ஒரு கீறல் இல்லை. வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கு."

"ஆமாங்க," என்றார் அந்த அம்மாள். "கார் அப்படியே இருக்கு. நான்தான் பழசாகிட்டே வர்றேன்."

குரல் உயரவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. ஆனாலும் மேலாளர் குனிந்து தம் ஷூவைப் பார்த்தார். வாட்ச்மேன் ரோட்டைப் பார்த்தார். அதிகாரி எந்திரத்தைப் பார்த்தார். கவர் சார் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கேயிருந்து வரும் 'இருக்கட்டும்' வரவில்லை. பிளக்கை மனைவியிடம் நீட்டினார்.

டக். பச்சை விளக்கு எரிந்தது. எண்கள் ஏறத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதேபோல இனி தினமும் நடக்கவேண்டும் என்று எச்சரித்துவிட்டு அதிகாரி கிளம்பினார். ஷோரூம் பிழைத்தது.

சார்ஜ் ஏறி முடிந்ததும் அந்த அம்மாள் டிரைவர் சீட்டின் பிளாஸ்டிக்கைச் சர்ரென்று கிழித்தார். கவர் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கே போறே?"

"அக்கா வீட்டுக்கு."

"நானும் வரட்டுமா?"

அந்த அம்மாள் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏறுங்க. ஆனா வழியெல்லாம் 'மெதுவா, மெதுவா'ன்னு சொல்லக்கூடாது."

தம் பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக்கைக் கிழிக்க கவர் சாருக்கு மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சறுக்கிக்கொண்டு கதவோரம் போய் ஒட்டினாராம். அக்கா வீட்டு கேட்டில் உரசிக் கதவில் ஒரு நீளக் கீறல். இறங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, மனைவி அக்காவை இழுத்துவந்து காரைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்த இடத்தில் சாய்ந்து நின்று, கீறலை முதுகால் மறைத்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இப்போது இரண்டு எந்திரங்களும் ஓய்வொழிச்சலில்லாமல் வேலை செய்கின்றன, வாசலில் வரிசை நிற்கிறது, அது உண்மை. சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கிறவர்களுக்காக ஏசி அறை கட்டி, அதில் ஒரு காபி மெஷினும் வைத்திருக்கிறார். போனவாரம் நான் போயிருந்தேன். ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்கள். மெஷின் எங்கே என்றேன். மூலையில் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு நின்றதைக் காட்டினார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறீர்களே பீங்கான் கோப்பைகள், அவற்றில் இதுவரை குடித்த விருந்தாளி யார் என்று நான் கேட்கப்போவதில்லை. 'அது வேற, இது வேற' என்பீர்கள். ஆனால் ஒன்று. இந்தப் புத்தகத்தை முதுகு மடிந்துவிடக்கூடாதென்று பாதி மட்டும் திறந்து, கழுத்தைச் சாய்த்து, இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கு என்ன பெயர்?

நன்றாக விரித்துப் படியுங்கள். ஒன்றும் ஆகிவிடாது.