நிலாவில் பேய்க்குக் கால் பாவுமா?

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அங்கே நீயும், உன் மனைவியும், நீ பழுதுபார்க்கும் லிஃப்டுகளும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க விரும்புகிறேன்.

உன் நாவல் நான்காம் பதிப்பு வந்துவிட்டதாமே, ரொம்ப சந்தோஷம். எனக்குப் பொறாமை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு துப்பறியும் நாவல் எழுதியவன் என்ற முறையில் சில சந்தேகங்கள், அவ்வளவுதான். என் இன்ஸ்பெக்டர் கசங்கிய ஒரு பஸ் டிக்கெட்டை வைத்தே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். உன் கதையிலோ, நூற்றைம்பது வருஷம் கழித்து நிலாவில் ஓர் ஆஸ்பத்திரி, அங்கே கொலையான டாக்டரம்மா பேயாக வந்து, ஓர் இயந்திரப் போலீஸ்காரனோடு சேர்ந்து தன் கொலையைத் தானே துப்பறிகிறாள். செத்தவளுக்கே யார் கொன்றது என்று தெரியாதா என்றால், பின்னாலிருந்து ஊசி போட்டுவிட்டார்களாம். சரி, போகட்டும். பேய்க்குக் கால் தரையில் பாவாது. நிலாவில் உயிரோடு இருக்கிறவனுக்கே கால் சரியாகப் பாவாது. அப்புறம் யார் பேய், யார் நர்ஸ் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறதாம்?

இதை யாரிடம் போய்ச் சொல்வது? எங்கள் தண்ணீர் மீட்டர் ஆபீஸ் மேனேஜருக்கு என் பதினோரு நாவலையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டை அவருடைய ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த மனுஷன் உன் புத்தகத்தை நீட்டி, மச்சானிடம் கையெழுத்து வாங்கித்தரச் சொல்கிறார். பல் டாக்டரிடம் போனேன். என் வாய்க்குள் இடுக்கியை விட்ட பிறகு, "உங்க மச்சான் கதையில நர்ஸ்தானே கொலைகாரி?" என்று கேட்டார். நான் வலியில் "ஆ" என்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, பூரிப்பில் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். இப்போது எனக்கு இரண்டு வலி, மூன்றாவது நீ.

அப்புறம் உன் நாவலுக்காக நூலகத்தில் நடந்த அந்தக் கூட்டம். நான் முன்னாலேயே போய், அலமாரியில் உன் புத்தகத்துக்கு முன்னால் என் புத்தகங்களை அடுக்கி வைத்தது உண்மைதான். நூலகரம்மா பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்ப எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார், வைத்தேன். அந்த வேகத்தில்தான் கூட்டத்தில் எழுந்து கால் விஷயத்தைக் கேட்டேன். நீ தலையைச் சொறிந்தாய், மூன்றாம் வரிசையில் இருந்த உன் அக்காவைப் பார்த்தாய். அவள் நிதானமாக எழுந்தாள்.

"நிழலைப் பார்ப்பாங்க. பேய்க்கு நிழல் விழாது. அதனாலதான் அந்த ஆஸ்பத்திரியில எல்லா விளக்கும் எப்பவும் எரியுது."

என்ன கைதட்டல். எனக்கு அங்கேதான் வயிறு எரிந்தது. இருபது வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவள், என் இன்ஸ்பெக்டருக்கு மீசை இருக்கிறதா என்று கேட்டால் யோசிப்பாள். உன் கதையை மட்டும் வரிக்கு வரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். இது என்ன நியாயம், நீயே சொல்லு. அதனால் இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. லிஃப்டுகளைப் பார்த்துக்கொள், ஊருக்கு உபகாரமாக இருக்கும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். பிறகு புடவைகளுக்கு அடியிலிருந்து ஆறு நோட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நிலா, டாக்டரம்மா, ஊசி, எல்லாம் அவள் கையெழுத்தில்.

"தம்பி பேரைத்தான் குடுத்தான். நீங்க வருத்தப்படுவீங்கன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்" என்றாள். அப்புறம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் நோட்டுகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் அந்த நாவலை மூன்று தடவை படித்தேன் என்றும், பேயாகிவிட்ட டாக்டரம்மா வாசலில் நிற்க, புருஷன் அவளைப் பார்க்காமலே கடந்துபோகிற இடத்தில் மூன்று தடவையும் அழுதேன் என்றும் நீ அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு.

வேண்டாம், இரு. நானே போய்ச் சொல்கிறேன்.